கல்குவாரிக்குப் பக்கத்தில் ஓடையா? வெள்ளத்தையும் ஆழத்தையும் கணக்கிடும் வழி

கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் ஒரு கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. சிவில் படித்தவன்தானே, ஓடைக் கணக்கு தெரியாதா என்று கொடுத்துவிட்டார்கள். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஓர் ஆலோசனை நிறுவனம் வேறொரு குவாரிக்குப் போட்டிருந்த அறிக்கையை எடுத்து, பெயரையும் பரப்பையும் மாற்றி, வெள்ள ஆழம் 1.84 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். ‘1.84 எப்படி வந்தது, கரையின் உயரம் என்ன, கீழே இருக்கும் பாலத்தைக் கணக்கில் எடுத்தீர்களா’ என்று மூன்றே கேள்வியோடு கோப்பு திரும்பியது. பதில் சொல்ல நாலு மாதம் ஆனது. நீங்கள் ஒன்றரை மாதத்தில் முடித்துவிடலாம்.

இது 25 சதுர கிலோமீட்டருக்கு உட்பட்ட நீர்ப்பிடிப்பு (மழைநீர் ஓடைக்கு வந்து சேரும் பரப்பு) உள்ள சின்ன ஓடைகளுக்கான வழி. அமராவதி, நொய்யல் மாதிரி ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் நீர்வளத் துறையின் ஓட்டப் பதிவுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

1. கணினியைத் திறக்கும் முன் ஓடையை நடந்து பாருங்கள்

குத்தகை எல்லையிலிருந்து மேல்நோக்கி ஒரு கிலோமீட்டர், கீழ்நோக்கி ஒரு கிலோமீட்டர். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். பார்க்க வேண்டியவை: மேலே ஏரியோ தடுப்பணையோ உண்டா, கீழே பாலம் உண்டா, அடியில் மணலா பாறையா புதரா, கரையில் யாராவது மண் அள்ளியிருக்கிறார்களா, பக்கத்துக் குவாரிக்காரர் கழிவுக் கல்லை ஓடைக்குள் தள்ளியிருக்கிறாரா. நூறு மீட்டருக்கு ஒரு போட்டோ, போனில் இருப்பிடம் பதிவாகும்படி வைத்து எடுங்கள். பின்னால் எந்தக் கேள்வி வந்தாலும் இந்தப் போட்டோக்கள்தான் காப்பாற்றும்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்து ஓடைகள் காய்ந்து கிடக்கும். அளவை வேலைக்கு அதுதான் காலம். ஐப்பசி பிறந்துவிட்டால் அடி தெரியாது.

2. காகிதங்கள்

வருவாய்த் துறை இணையதளத்தில் புல வரைபடமும் அ-பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) எடுத்துவிடலாம். அ-பதிவேட்டில் ‘ஓடை புறம்போக்கு’ என்று எந்தச் சர்வே எண் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தின் நகல் கேளுங்கள். ஓடைக்கும் குவாரி எல்லைக்கும் 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இல் வருவது. அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளக்கிறோம் என்பதில்தான் சண்டையே.

இங்கே ஒரு பொறி. வரைபடத்தில் இருக்கும் ஓடையும் தரையில் ஓடும் ஓடையும் பல இடங்களில் ஒன்றல்ல. எங்கள் இடத்தில் தரையில் ஓடையின் அடி அகலம் 6 மீட்டர்தான், வரைபடத்து ஓடை தரையில் இருப்பதைவிட அகலம். மிச்சத்தில் யாரோ சோளம் போட்டிருந்தார்கள். சட்டப்படியான இடைவெளியை வரைபட எல்லையிலிருந்து காட்டுங்கள். வெள்ளக் கணக்கை மட்டும் தரையில் இருக்கும் ஓடைக்குப் போடுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் இரண்டு நிறத்தில் கொடுத்தால் கேள்வி வராது.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோபோ தாள், பதிவு செய்துகொண்டால் இணையத்தில் இலவசம். மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகளில் காவிரிப் படுகை துணை மண்டலம் 3(ஐ) என்று வரும், கரூர் அதற்குள்தான். அந்த முறை 25 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புக்கானது. நமக்கு அதிலுள்ள மழை வரைபடங்கள் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

3. நீர்ப்பிடிப்புப் பகுதியை வரைவது

கியூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள். 30 மீட்டர் உயரத் தரவு, நாசாவின் எஸ்ஆர்டிஎம் ஆனாலும் இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் ஆனாலும், எதை வேண்டுமானாலும் எடுங்கள். மென்பொருள் போட்டுக்கொடுக்கும் எல்லையை அப்படியே நம்பாதீர்கள். டோபோ தாளில் சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்றுதான். எங்கள் மாதிரி சமவெளியில் ஒரு வண்டிப்பாதை மேடு கூட நீரைத் திருப்பிவிடும். எல்லை குழப்பமாக இருக்கும் இடத்துக்குப் பைக்கில் போய் நின்று பாருங்கள். எனக்கு முதலில் 5.6 சதுர கிலோமீட்டர் வந்தது. நேரில் பார்த்தபோது மேற்குப் பக்கம் தார்ச்சாலையோரக் கால்வாய் ஒரு துண்டை வேறு ஓடைக்குத் திருப்பியிருந்தது. கடைசியில் 4.2.

மேலே பழைய குவாரிக் குழிகள் இருந்தால், ‘அந்தப் பரப்பு மழையைப் பிடித்துக்கொள்ளும்’ என்று கழிக்கத் தோன்றும். கழிக்காதீர்கள். கார்த்திகையில் குழி நிரம்பிக் கிடக்கும், மோட்டார் வைத்து ஓடைக்கே இறைப்பார்கள்.

4. மழைத் தரவு: பொறுமை சோதிக்கப்படும் இடம்

வேண்டியது ஒவ்வோர் ஆண்டின் மிக அதிகமான ஒருநாள் மழை, குறைந்தது 30 ஆண்டுகளுக்கு. எங்கள் பகுதியில் க.பரமத்தி, அரவக்குறிச்சி, அணைப்பாளையம் மழைமானிகள் பக்கம். மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். தரவில்லை என்றால் 10 ரூபாயில் தகவல் அறியும் உரிமை மனு, 30 நாள் கெடு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே தளத்திலும் நிலையத் தரவைக் கட்டணம் கட்டி வாங்கலாம். மனுவை முதல் நாளே போட்டுவிடுங்கள். மற்ற வேலை நடக்கும்போதே பதில் வந்துவிடும். நான் கடைசியில் போட்டேன், அதில்தான் ஒரு மாதம் போனது.

அதே தளத்தில் கட்டத் தரவு இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். கால் டிகிரிக் கட்டம் என்றால் பக்கத்துக்கு 27 கிலோமீட்டர். ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறும் மழையை அது சராசரியாக்கி மட்டுப்படுத்திவிடும். சின்ன ஓடைக்கு அதை எடுத்தால் வெள்ளம் குறைவாகத்தான் வரும்.

தரவு கையில் வந்ததும் கம்பெல் முறை: 25, 50, 100 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய பெருமழையைக் கணிக்கும் புள்ளியியல் வழி. சராசரி, திட்ட விலக்கம் இரண்டையும் எக்செல் தந்துவிடும். எங்களுக்குச் சராசரி 78 மி.மீ., திட்ட விலக்கம் 34 மி.மீ. சராசரியோடு கெழு × திட்ட விலக்கத்தைக் கூட்ட வேண்டும். 30 ஆண்டுத் தரவுக்கு அந்தக் கெழு, 25 ஆண்டு மழைக்கு 2.39, 50 ஆண்டுக்கு 3.03, 100 ஆண்டுக்கு 3.65. பல அறிக்கைகளில் 50 ஆண்டுக்கு 2.59 என்று இருக்கும். அது தரவு முடிவில்லாமல் நீளமாக இருந்தால் வரும் எண். 30 ஆண்டை வைத்துக்கொண்டு அதைப் போடக் கூடாது. 50 ஆண்டு மழையாக எனக்கு 181 மி.மீ. வந்த இடத்தில் அது 166 தந்திருக்கும்.

இன்னொன்று. மழைமானியைக் காலை 8.30-க்கு அளப்பார்கள். இரவு கொட்டிய மழை இரண்டு நாளாகப் பிரிந்துவிடலாம். அதற்காக 1.13-ஆல் பெருக்குவது வழக்கம்: 181 × 1.13 = 204.5 மி.மீ.

5. வெள்ள ஓட்டம்

முதலில் நீர் சேரும் நேரம், அதாவது உச்சியில் விழுந்த மழை நம் இடம் வந்து சேர ஆகும் நேரம். ஓடையின் முழு நீளம் 3.1 கிலோமீட்டர், உச்சியிலிருந்து நம் இடம் வரை இறக்கம் 46 மீட்டர். இந்திய சாலைப் பேரவையின் சிறுபாலக் கையேட்டில் உள்ள சூத்திரம்: 0.87 × நீளத்தின் முப்படி ÷ இறக்கம், அதை 0.385 அடுக்குக்கு உயர்த்தினால் மணிக்கணக்கில் நேரம். நீளம் கிலோமீட்டரில், இறக்கம் மீட்டரில். எங்களுக்கு 0.8 மணி, அதாவது 48 நிமிடம்.

24 மணி மழையிலிருந்து 48 நிமிட மழைக்கு வர, வானிலைத் துறையின் மூன்றில் ஒரு பங்கு அடுக்கு விதி: 204.5 × (0.8 ÷ 24)-இன் கன மூலம் = 65.8 மி.மீ. இதை 0.8-ஆல் வகுத்தால் மணிக்கு 82.3 மி.மீ. செறிவு.

ஓட்டம் = 0.278 × வழிந்தோடும் விகிதம் × செறிவு × பரப்பு. விகிதம் செம்மண் மானாவாரிக்குக் குறைவு, வெறும் பாறைக்கு அதிகம். பரப்பு வாரியாகச் சராசரி எடுத்து 0.4 வைத்தேன். விநாடிக்கு 38.4 கன மீட்டர், ஊர்க் கணக்கில் சுமார் 1,350 கனஅடி. பரப்பு சதுர கிலோமீட்டரில் இருந்தால்தான் 0.278. ஹெக்டேரில் போட்டால் 360-ஆல் வகுக்க வேண்டும். கன மீட்டருக்கும் கனஅடிக்கும் இடையே 35 மடங்கு. அலகு எழுதாத எண்ணை அறிக்கையில் விடாதீர்கள்.

ரைவ்ஸ் சூத்திரமும் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கைக் கெழுவால் பெருக்க வேண்டும்; கடலோரத்துக்கு 6.8, உள்நாட்டுக்கு 8.5, மலையடிவாரத்துக்கு 10.2. எங்களுக்கு 22 தான் வந்தது. எத்தனை ஆண்டுக்கொரு வெள்ளம் என்பதை ரைவ்ஸ் சொல்லாது. ஒப்பீட்டுக்கு ஒரு வரி எழுதலாம்; குறைவாக வந்ததே என்று அதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

6. மட்டம் எடுப்பது

30 மீட்டர் தரவுக்கு 6 மீட்டர் ஓடை கண்ணுக்கே தெரியாது. அதிலிருந்து குறுக்குவெட்டு எடுத்து அறிக்கை எழுதுபவர்கள் உண்டு. நான் முதலில் நகலெடுத்த அறிக்கை அப்படிப்பட்டதுதான். டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் மட்டமும் அளக்கும் கருவி) வைத்து, 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, இரு கரையையும் தாண்டி 50 மீட்டராவது போக வேண்டும். வெள்ளம் கரை தாண்டினால் எங்கே பரவும் என்பது அப்போதுதான் தெரியும்.

பெரிய பொறி: டிஜிபிஎஸ் கருவி (செயற்கைக்கோள் வழியாக இடத்தையும் உயரத்தையும் அளப்பது) நேரடியாகத் தரும் உயரம் கடல்மட்ட உயரம் அல்ல. நம் பகுதியில் இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம், கருவி காட்டுவது குறைவாக இருக்கும். சர்வேயர் ஒரு கோப்பு தருவார், உயரத் தரவிலிருந்து நீங்கள் ஒன்று எடுப்பீர்கள், இரண்டையும் சேர்த்தால் ஓடை பாதாளத்துக்குப் போயிருக்கும். இது கண்ணில் பட்டுவிடும் தவறு என்பதால் தப்பிக்கலாம். சர்வேயர் பாதி திருத்தம் செய்து வைத்திருந்தால்தான் ஆபத்து. ‘எந்த மட்டம்’ என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதி வாங்குங்கள். குவாரியின் எல்லைக்கல், பாலத்தின் மேல்தளம், ஓடையின் அடி மூன்றும் ஒரே மட்டக் குறியிலிருந்து வர வேண்டும்.

7. ஆழம்: 1.84-உம் 2.66-உம்

இதற்கு மேனிங் சூத்திரம்: ஓடையின் வடிவம், சாய்வு, உராய்வு மூன்றையும் வைத்து, அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு ஆழம் வரும் என்று சொல்லும். அடி அகலம் 6 மீட்டர், பக்கச் சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம், அடிச் சாய்வு 200-க்கு 1. சாய்வைக் குவாரியை ஒட்டிய பகுதியில் அளந்து எடுங்கள். மொத்த ஓடையின் சாய்வை எடுத்தால் மலைப்பக்கத்துச் சரிவும் சேர்ந்து ஆழம் குறைந்து காட்டும்.

இனி உராய்வு எண். பாடப்புத்தகத்துச் சுத்தமான மண் ஓடைக்கு 0.035. அதைப் போட்டால் ஆழம் 1.84 மீட்டர், கரை உயரம் 2.4, எல்லாம் சுகம். ஆனால் அந்த ஓடை அப்படியா இருக்கிறது? ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம், அதற்குள் ஆடு நுழையும் சந்துதான் பாதை. அப்படிப்பட்ட ஓடைக்கு 0.07 வைக்க வேண்டும். வைத்தால் ஆழம் 2.66. கரைக்கு மேல் 26 செ.மீ. ஏறிக் குவாரிப் பக்கம் வருகிறது.

மழையில் 15 மி.மீ. தவறினால் ஆழத்தில் பத்துப் பதினைந்து செ.மீ. போகும். புதரைப் பார்க்காமல் விட்டால் 82 செ.மீ. போகிறது. எல்லாரும் சூத்திரத்தைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள்.

‘புதரை வெட்டிவிடுவோம், 0.035 போட்டுக்கொள்ளலாம்’ என்று குத்தகைதாரர் சொல்வார். வருஷா வருஷம் வெட்டுவதாக எழுதிக் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.

8. வெள்ளத் தடத்தை வைத்துச் சரிபாருங்கள்

0.07 என்பது என் கண் மதிப்பு. அதற்குச் சாட்சி வேண்டும். ஓடைக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

“ஏனுங்க ஆத்தா, இந்த ஓடையில தண்ணி ரொம்ப வந்தா எதுவரைக்கும் வரும்ங்க?”

“எங்க கண்ணு வருது. ஒரே ஒருவாட்டி வந்துச்சு. அந்த வேலாமரத்துக் கவை இருக்குதில்ல, அதுல வைக்கப்போரு வந்து மாட்டி நின்னுச்சு. என்ற சின்னவனுக்குக் கண்ணாலம் பண்ணி மூணாம் நாளு.”

கல்யாணப் பத்திரிகை அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. தேதியைப் பார்த்து மூன்று நாள் கூட்டி மழைப் பதிவில் தேடினேன்: 131 மி.மீ. மரத்தின் கவை ஓடை அடியிலிருந்து 2.3 மீட்டர். 131 மி.மீ. மழைக்கு நம் கணக்கில் சுமார் 28 கன மீட்டர் ஓட்டம், 0.07 வைத்து 2.3 மீட்டர் ஆழத்துக்கு ஓடக்கூடியது 29. பொருந்துகிறது. 0.035 வைத்தால் அதே ஆழத்துக்கு 58 கன மீட்டர் வேண்டும், அந்த மழை அன்றைக்குப் பெய்யவே இல்லை.

ஒரு தடத்தோடு நிறுத்தாதீர்கள், மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். முள்ளில் மாட்டிய பாலிதீன் பை, பாலத் தூணின் சேற்றுக் கோடு இவையும் தடம்தான். ‘எவ்வளவு ஆழம்’ என்று கேட்டால் கையை உயர்த்திக் காட்டுவார்கள், அது ஆளுக்கு ஆள் வளரும். ‘எதைத் தொட்டது’ என்று கேளுங்கள்.

9. மேலே ஏரி, கீழே பாலம்

எங்களுக்குக் கீழே 300 மீட்டரில் ஒரு குழாய்ப் பாலம், 900 மி.மீ. குழாய் இரண்டு. அவை இரண்டும் சேர்ந்து விநாடிக்கு மூன்று நான்கு கன மீட்டர் விட்டால் அதிகம். வருவதோ 38. பாலத்தின் முன்னால் நீர் தேங்கிச் சாலை மேல் ஏறித்தான் போகும். 200-க்கு 1 சாய்வில் 2 மீட்டர் தேங்கினால் அது 400 மீட்டர் மேல்நோக்கி எட்டும். அப்படியிருந்தால் மேனிங் கணக்கு மட்டும் போதாது. ஹெக்-ராஸ் போட வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியியல் படையின் மென்பொருள், இலவசம். ஒரு பரிமாணக் கணக்கே போதும், கற்றுக்கொள்ள ஒரு வாரம். பாலத்தின் அளவை நீங்களே டேப் வைத்து அளங்கள். பாதிக் குழாய் மண் மூடியிருந்தால் அதையும் போட்டோவோடு காட்டுங்கள்.

மேலே ஏரி இருந்தால் கலிங்கின் (உபரி நீர் வழியும் இடம்) நீளமும் உயரமும் வேண்டும். ஏரி வெள்ளத்தைத் தணிக்கும் என்று குறைத்து எழுதாதீர்கள். கார்த்திகையில் ஏரி நிரம்பிய பிறகுதான் பெரிய மழையே வரும். அப்போது வந்தது அப்படியே கலிங்கு தாண்டும்.

10. அறிக்கை, செலவு, நாள்

நான் கொடுத்தது: 25, 50, 100 ஆண்டு வெள்ளங்களின் ஓட்டமும் நீர்மட்டமும், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் நீர்மட்டக் கோடு, தட ஒப்பீடு, குவாரிப் பக்கம் 50 ஆண்டு மட்டத்துக்கு மேல் 0.6 மீட்டர் விட்டு மண்கரை. கரை போட்டால் வெள்ளம் எதிர்க்கரைத் தோட்டத்துக்குத் திரும்புமா என்று ஹெக்-ராஸில் கரையோடும் கரையில்லாமலும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். எங்களுக்கு எதிர்ப்பக்கம் 9 செ.மீ. ஏறியது. அதனால் கரையை 10 மீட்டர் உள்ளே தள்ளினோம்; குத்தகைதாரருக்குப் பிடிக்கவில்லை. எதிர்க்கரைக்காரர் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து கேட்டால் என்ன பதில் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

குவாரிக்குள் பெய்யும் மழைக்கான சுற்று வடிகாலும் வண்டல் தொட்டியும் தனிக் கணக்கு. அதற்கு ஓடையின் 48 நிமிடத்தைப் போடாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடச் செறிவு வேண்டும்.

எனக்கு ஆன செலவு: டோட்டல் ஸ்டேஷன் இரண்டு நாள் 14,000 ரூபாய், அளவைக் கோட்டுக்கு முள் வெட்டிய இரண்டு ஆட்களுக்குக் கூலி, தரவு, நகல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 25,000-க்குள். சர்வேயரிடம் நாள் வாடகை பேசும்போதே வரைபடக் கோப்பும் அதில் சேர்த்தி என்று பேசிவிடுங்கள். பின்னால் கேட்டால் தனிக் காசு.

நாள் கணக்கு: மழை மனு முதல் நாள். நடை, காகிதம் ஒரு வாரம். அளவை இரண்டு நாள், அதைப் படமாக்க ஒரு வாரம். மழைத் தரவு வந்ததும் கணக்கு மூன்று நாள், ஹெக்-ராஸ் தேவையானால் ஒரு வாரம். தடம் கேட்பதை அளவை நடக்கும்போதே முடியுங்கள். கருவி நிற்கும்போதே வேலாமரத்துக் கவைக்கும் மட்டம் எடுத்துவிடலாம். நான் அதற்காக மட்டும் சர்வேயரை மறுபடி கூப்பிட்டு 4,000 கொடுத்தேன்.